அப்பா அலையறார்

கடலில் கால் நனைக்காமலே கடலை ஆராய்வது எங்கள் தொழில். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு அயல்நாட்டில் மாதக்கணக்கில் தொட்டித் தண்ணீரை முறைத்துக்கொண்டு நின்ற சக பாவிகளே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹாலந்தில் ஒரு கடல் பொறியியல் மையத்துக்கு முதலில் ஆறு மாதம் போனேன். ஊர் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு மறுபடி ஒரு வருஷம். சிட்லபாக்கம் வீட்டில் மனைவி கமலா, மகள் வித்யா. முதல் தடவை கிளம்பும்போது வித்யாவுக்கு ஒன்றரை வயது. குழந்தை என்னை மறந்துவிடுவாளோ என்பதுதான் என் ஒரே பயம்.

தண்ணீர் அடங்கட்டும்

அந்த ஆய்வுக்கூடத் தொட்டியில் சிட்லபாக்கம் ஏரியை ஊற்றினாலும் கணுக்கால் அளவுதான் வரும். (கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், கண்டுகொள்ளாதீர்கள்.) ஒரு முனையில் இரும்புப் பலகை முன்னும் பின்னும் போய் அலை கிளப்பும், மறுமுனையில் நான் கட்டிய சின்னத் தடுப்புச்சுவர் அடி வாங்கும். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் முழுக்க அடங்கும்வரை இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். பழைய அலை மிச்சமிருந்தால் புது அளவு கெட்டுவிடும்.

அந்த நேரத்தில் கமலாவுக்கு ஏரோகிராம் கடிதம் எழுதுவேன். ஒருநாள் எழுத எழுத நேரம் போனதே தெரியவில்லை. பலகையை இயக்கும் டெக்னீஷியன் ஹென்க் வந்து தோளைத் தட்டினார். "தண்ணி அடங்கி ஒரு மணி நேரமாச்சு டாக்டர். நீங்கதான் இன்னும் அடங்கல."

கீரைக்காரம்மாவின் சிபாரிசு

அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் "அலை ஆராயறார்" என்று சொல்லும்படி கமலா வித்யாவைப் பழக்கியிருந்தாள். நாக்கு புரளாத குழந்தை அதைச் சுருக்கி, "அப்பா அலையறார்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டது.

ஒரு காலையில் கீரைக்காரம்மா கேட்காமலே ஒரு கட்டு கூடப் போட்டுவிட்டு, கமலாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். "இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு வேல இல்லாம அலஞ்சிகினு கீறாராமே? பல்லாவரம் தோல் கம்பெனில எங்கண்ணன் கீறான். சொல்லி வுடட்டா?"

போனுக்குள் இருந்தவர்

மாதம் ஒருமுறை, மாடியில் குடியிருந்த மேரி டீச்சர் வீட்டுக்குப் போன் செய்வேன். வித்யா முதலில் மூச்சு மட்டும் விடுவாள். போகப் போக முறுக்கு கடித்துக்கொண்டே கதை பேச ஆரம்பித்தாள்.

வருஷம் முடிந்து மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கினேன். கமலாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்தவள் நான்கு நாளாகியும் என்னை "மாமா" என்றுதான் கூப்பிட்டாள். பையிலோ இன்னொரு வருஷத்துக்கான அழைப்பு, கையெழுத்துக்குக் காத்திருந்தது. குழந்தையை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போனேன். புலி என்னைப் பார்த்து எழுந்து நின்றது என்றேன். கமலா சிரித்தாள், குழந்தை பாதி நம்பியது.

அன்று சாயங்காலம் அவளைத் தேடி மாடிப்படி ஏறினேன். மேரி டீச்சர் வீட்டு ரிசீவரைக் காதில் வைத்து, வெறும் டயல் டோனிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அப்பா, நம்ம வீட்ல ஒரு மாமா வந்திருக்கார். போகவே மாட்டேங்கறார். நீ சீக்கிரம் வா."

லோக்கல் கால்

மறுநாள் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து டெலிபோன் பூத்துக்குள் புகுந்தேன்.

"டீச்சர், ஹாலந்திலேருந்து பேசறேன். வித்யாவைக் கூப்பிடுங்க."

"சார், பின்னாடி தாம்பரம்-பீச் டிரெயின் அனவுன்ஸ் பண்றாங்களே?"

"அதேதான் டீச்சர். கூப்பிடுங்க."

வித்யா வந்தாள். "அப்பா, அந்த மாமா இன்னும் இருக்கார்."

"எப்படி? நல்லவரா?"

"தலை பின்னத் தெரியல. கோணல் கோணலா பின்றார். ஆனா அவரைப் பார்த்துப் புலி எழுந்து நின்னுச்சு."

"அப்ப நான் வரட்டுமா, அவரே இருக்கட்டுமா?"

அந்தப் பக்கம் முறுக்கு கடிபடும் சத்தம் நின்றது. யோசிக்கிறாள். பூத்துக்கு வெளியே இரண்டு பேர் கண்ணாடியைத் தட்டினார்கள். நான் அசையவில்லை.

"ரெண்டு பேரும் இருங்க," என்றாள்.

'வீட்டில் இரண்டு ஆள் வேலை எனக்கு இருக்கிறது, வர இயலாது' என்று அன்றே ஹாலந்துக்கு எழுதிப் போட்டேன். அவர்களுக்கு அது எந்த ஜென்மத்திலும் புரிந்திருக்காது.