தார்ப்பாய்க்குக் கீழே நடந்த ஆய்வு

"இதத் தெரிஞ்சிக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க? சட்டசபையில எழுந்து நின்னு பேசப்போறீங்களா?"

கேட்டவர்களையெல்லாம் இப்படித்தான் விரட்டினேன். உங்களையும் அதையே கேட்கிறேன். வேறு வேலை இல்லையா உங்களுக்கு? அடுத்தவள் நெல் நனைந்த கதையில் அப்படி என்ன ருசி? சரி, வந்துவிட்டீர்கள், இருங்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். எழுத்து அவளுடையது. வயிற்றெரிச்சல் மட்டும் என்னுடையது.

அது புரட்டாசி மாதம். மூன்று மா நிலத்தில் குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. நிலையம் என்றால் கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு திடல், ஒரு தராசு, ஒரு கிளார்க்கு, ஈரம் பார்க்கிற மிஷின் ஒன்று, நான்கு தார்ப்பாய். மிஷின் பதினேழு காட்டினால் நெல்லை எடுப்பார்கள். என் நெல் பத்தொன்பதிலேயே நின்றது. ஒரு நல்ல வெயில் போதும், இறங்கிவிடும். ஆனால் வீட்டுக் கொல்லையில் அடுத்த போகத்துக்கு, தாளடிக்கு விட்ட நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நெல் போய்ப் பணம் வந்தால்தான் உழவுக்கும் நடவு ஆளுக்கும் கொடுக்க முடியும். அந்த வாரம் தவறினால் நாற்று மாட்டுக்குத்தான்.

அதனால் ஒரத்தநாட்டு ரோட்டில் பாதியைப் பிடித்து நெல்லைப் பரப்பி, காலால் கிளறிக்கொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும். எங்கள் ஊர்த் தலையாரி சைக்கிளில் வந்தான். எனக்கு மருமகன் முறை.

"அத்தை, நெல்ல அள்ளுங்க. மதியம் குழு வருது."

"என்ன குழுடா மாப்ள? மகளிர் குழுவா?"

"வெளையாடாதீங்க. சட்டசபைக் குழு. கவர்மெண்டு பணம் ஒழுங்கா செலவாவுதான்னு பாக்க வர்றாங்க. காரு வர்ற ரோட்டுல நெல்லு கெடந்தா என் வேல போயிடும்."

அவனுக்குப் பின்னாலேயே பஞ்சாயத்து ஆட்கள் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் பிளீச்சிங் பவுடரால் கோடு போட்டுக்கொண்டு வந்தார்கள். பெரியவர்கள் வந்தால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சாக்கடை அப்படியே நாறும், அதன் கரையில் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருக்கும். என் நெல்லிலும் கோடு போட்டுவிடுவார்களோ என்று பயந்து, அரைகுறையாகக் காய்ந்ததை அள்ளித் திடலில் குவித்தேன். மேற்கே வானம் கறுத்திருந்தது. குவியலை மூடத் தார்ப்பாய் கேட்கப் போனால் நான்கும் இல்லை. திடலின் மறுபக்கத்தில், குழு சாப்பிடுவதற்காகக் கட்டியிருந்த பந்தலின் மேல் விரித்துவிட்டார்கள்.

"ஒரு மணி நேரந்தாம்மா. அவங்க எந்திரிச்சதும் மொதல்ல ஒங்களுக்குத்தான் தருவேன்" என்றார் கிளார்க்கு. பாவம், அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மாற்றல் வாங்கி இந்த ஊருக்கு வந்து இரண்டு மாதம்தான்.

குழு வந்தது. ஆட்கள் பதினொரு பேர், கார்கள் பத்தொன்பது. மிச்சக் கார்களில் யார் வந்தார்கள் என்று பார்த்தேன். ஒன்றில் தண்ணீர்ப் பாட்டில் வந்தது. ஒன்றில் சால்வைகள் வந்தன. நிழலில் நின்ற ஒரு டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"காலையிலதான் கெளம்புனீங்களா தம்பி?"

"எங்க பாட்டி, மூணு நாளா சுத்துறோம். நேத்து தாராசுரம் கோயில். குடும்பத்தோட."

"அங்க என்ன நெல்லு வாங்குறாங்க?"

"அதுவும் ஆய்வுதான் பாட்டி" என்று கண்ணைச் சிமிட்டினான். வெளியூர் வந்தால் நாளுக்கு இவ்வளவு படி, தங்க ரூம், ரயிலுக்குப் பாஸ், ஒரு தடவை ஜெயித்தாலே ஆயுசுக்கும் பென்ஷன் என்று அடுக்கிக்கொண்டே போனான். எனக்கும் மாதாமாதம் உதவித்தொகை வருகிறது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று நானே போய் நின்று காட்டினால்தான் வரும். சட்டசபையை டிவியில் பார்த்திருக்கிறேன். ஒருவரை ஒருவர் கிழிப்பார்கள். தங்கள் சம்பளத்தைக் கூட்டுகிற அன்றைக்கு மட்டும் இரண்டு பக்கமும் சேர்ந்து மேசையைத் தட்டுவார்கள்.

குழுத் தலைவர் திடலைச் சுற்றி வந்தார். மூட்டைகள் வெறும் வானத்துக்குக் கீழே கிடப்பதைப் பார்த்துக் கிளார்க்கைப் பிடித்தார்.

"ஏன்யா இப்படித் தொறந்து போட்டிருக்கீங்க? தார்ப்பாய் என்னாச்சு?"

கிளார்க்கு பந்தலைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அதிகாரி கிளார்க்கைப் பார்த்தார். "பற்றாக்குறை ஐயா" என்றார் கிளார்க்கு. உடனே ஒருவர் அதை எழுதிக்கொண்டார்.

பிறகு விவசாயி யாராவது பேசட்டும் என்றார்கள். எல்லோரும் என்னைத்தான் தள்ளினார்கள். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும்.

"சொல்லுங்கம்மா, ஒங்களுக்கு என்ன கொறை?" என்றார் தலைவர்.

"கொறை ஒண்ணும் இல்லீங்க, ஒரு சந்தேகந்தான். எங்க நெல்லுல ஈரம் பாக்க இங்க ஒரு மிஷின் வச்சிருக்கீங்க. ஒரு புள்ளி கூடுனாலும் திருப்பி அனுப்புறாங்க. ஒங்க செலவ இப்புடி வச்சுப் பாக்க எந்த ஊருல மிஷின் இருக்குங்க?"

தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததும் மிச்சம் பத்துப் பேரும் சிரித்தார்கள். "அம்மா நம்மளயே ஆடிட் பண்றாங்கப்பா!" என்று எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். போட்டோக்காரர் இங்கே பாருங்கம்மா என்றார். பார்த்தேன். இன்னொன்று என்றார். அதற்கும் பார்த்தேன். என் பேச்சுக்கு இத்தனை பெரிய மனிதர்கள் சிரித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தூறல் நெற்றியில் விழுந்தபோதுகூட நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன்.

அவர்கள் பந்தலுக்குள் போய் இலையில் உட்கார்ந்தார்கள். மழை இறங்கியது. நான் ஓடிக் கிளார்க்கின் கையைப் பிடித்தேன்.

"ஐயா, ஒரே ஒரு தார்ப்பாய அவுத்துக் குடுங்க. மூலையில உள்ளதுகூடப் போதும்."

"அவங்க சாப்பிட்டுட்டு இருக்காங்கம்மா. மேல நனைஞ்சா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

சால்வையை எடுத்துக் குவியலின் உச்சியில் போட்டேன். அது ஒரு மரக்கால் நெல்லைக்கூட மூடவில்லை. மூன்று கூட்டு, வடை, பாயசம், மறு சோறு, மோர். அவர்கள் எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் என் குவியலுக்கு அடியில் வாய்க்கால் ஓடியது.

மறுநாள் மிஷின் இருபத்துமூன்று காட்டியது. கிளார்க்கு என் முகத்தைப் பார்க்காமலே தலையை ஆட்டினார். மூன்றாம் நாள் நெல் சூடேறி முளை கட்ட ஆரம்பித்தது. தவிட்டுக்கு ஆகும் என்று ஒரு வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளினேன். அந்தப் பணத்தில் ஒரு மா நட்டேன். மிச்சம் இரண்டு மா தரிசு. நாற்றை மாடு தின்றது.

அதே வாரம் பேப்பரில் என் போட்டோ வந்தது. தலைவரும் நானும் சிரித்துக்கொண்டிருந்தோம். விவசாயிகளின் குறைகளைக் குழு கேட்டறிந்ததாம். தார்ப்பாய் வாங்கப் பரிந்துரை செய்ததாம். அந்த வழியாக நான்கைந்து மாதமாகப் போய் வருகிறேன், அதே நான்குதான் கிடக்கிறது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரிகள் பேப்பரோடு வந்துவிட்டார்கள்.

"நெல்லு பூரா வீணாப் போயிருக்கு. நீ என்னடான்னா அந்தாளோட இளிச்சிக்கிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். அந்தப் படத்தில் இருக்கிறவளை எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்வேனா?

"பின்ன அழுதுக்கிட்டா பந்தி வைப்பாங்க?" என்றேன். "மூணு மா நெல்லப் போட்டுப் பெரிய எடத்துக்கெல்லாம் விருந்து வச்சேன்டி. அவசரத்துல ஒங்களக் கூப்பிட முடியல. மனசுல வச்சுக்காதீங்க."