பங்கருக்குள் இருந்தது நான்

நான் ரொறன்ரோவுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு வைகாசி மாதம். என் கணவர் எட்டு வருடம் முந்தியே வந்துவிட்டவர். யாழ்ப்பாணத்தில் விமானங்கள் குண்டு போடத் தொடங்கியபோது அவர் இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அதில் தப்பொன்றும் இல்லை. தப்பு பிறகு வந்தது.

வந்த இரண்டாம் கிழமை, மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்துப் பார்க்கிங் லொட்டில் சாமான் பைகளோடு நடந்துகொண்டிருந்தோம். தாழ்வாக ஒரு ஹெலிகொப்டர் வந்தது. பைகளைப் போட்டுவிட்டு ஒரு காருக்கும் சுவருக்கும் இடையில் குப்புறப் படுத்துவிட்டேன். யோசித்துச் செய்ததல்ல. ஊரில் வருடக்கணக்காக உடம்பு பழகியிருந்தது. சமைக்கும்போதும் குளிக்கும்போதும் ஒரு காது வானத்தில்தான் இருக்கும்.

அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். “எழும்பு. சனம் பாக்குது. உது என்ன பழக்கம்?”

அன்று மாலை, அவருக்கு விளங்கட்டும் என்று ஒன்றைச் சொன்னேன். கிணற்றடியில் தலைக்குச் சவுக்காரம் போட்டுக்கொண்டு நின்றபோது குண்டு போடும் பொம்மர் வந்தது. அப்படியே வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், ஓடினேன். உள்ளே முழங்காலளவு மழைத்தண்ணீர். பக்கத்து வீட்டு அக்கா தன் பச்சைக் குழந்தையை என் கையில் தந்துவிட்டு, மூத்த பிள்ளையைத் தூக்கிவர வீட்டுக்குள் ஓடினார். குண்டு விழுந்தது. அவரும் வரவில்லை, அந்தப் பிள்ளையும் வரவில்லை. வெளியே வந்தபோது எங்கள் கிணறு மண்ணால் தூர்ந்துபோயிருந்தது. சவுக்காரம் காய்ந்து இறுகிய தலையோடு அடுத்த நாள் அதன் சொந்தக்காரர் வரும் வரைக்கும் அந்தக் குழந்தையை வைத்திருந்தேன்.

இதை நான் வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை. வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் இரண்டாவது குண்டும் விழுந்தது என்றேன்; அதில் நடந்ததைச் சொல்லவில்லை. அவர் கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆவணியில், மில்லிக்கனில் அவருடைய நண்பர் வீட்டில் பிறந்தநாள் விருந்து. நான் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். ஹோலில் அவருடைய குரல் கேட்டது.

“சவுக்காரத் தலையோட ஓடுறன். கண் எரியுது, ஒண்டும் தெரியேல்லை. பங்கருக்குள்ள குதிச்சால் முழங்கால் மட்டும் தண்ணி!”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். குழந்தையையும் தாயையும் விட்டுவிட்டார்.

தட்டோடு ஹோலுக்குப் போனேன். “அந்தப் பங்கர் எங்க இருந்தது?” என்று கேட்டேன்.

“இஞ்சை, நீ போய் ரோல்ஸைப் பார்.”

“கையில ஒரு பிள்ளை இருந்ததே, அதையும் சொல்லுங்கோவன். அதின்ரை தாய்க்கு என்ன நடந்ததெண்டும் சொல்லுங்கோ.” பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னேன்: “பங்கருக்குள்ள இருந்தது நான். இவர் அப்ப கனடாவில.”

விருந்து வைத்த நண்பர் எழுந்துபோய் டீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

காரில் அவர் கத்தினார். “இவ்வளவு பேருக்கு முன்னால என்னைக் கேவலப்படுத்திப்போட்டாய்!”

“நீங்கள் அந்தத் தாயைக் கேவலப்படுத்திப்போட்டியள்.”

ஒரு சிவப்பு லைற்றில் நின்றபோது, “எல்லாரும் தங்கடை தங்கடை கதையைச் சொல்லுறாங்கள். என்னட்டச் சொல்ல என்ன கிடக்கு?” என்றார். எனக்கு இரக்கம் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த நண்பரின் மனைவிக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேள் என்று ஒரு கிழமை நச்சரித்தார். நான் எடுக்கவில்லை. அந்த மாரிக்குளிர் முழுக்க ஒரு வீட்டிலிருந்தும் எங்களுக்கு அழைப்பு வரவில்லை. “உன்ரை வாயால வந்தது,” என்றார். ஓம் என்றேன்.

பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒன்றாகத்தான் வாழ்ந்தோம். எங்கள் ஒழுங்கையில் விழுந்த இரண்டாவது குண்டைப் பற்றி அவர் இரண்டு தரம் கேட்டார், நல்லவிதமாகத்தான் கேட்டார். மறந்துபோச்சு என்று பொய் சொன்னேன்.