பால் இல்லாத படம்

மில்பிடாஸில் நாங்கள் வாங்கிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்குப் படமெடுக்க ஒரு தாய்லாந்துக்காரர் வந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த குடுமி, கழுத்தில் பழைய ஃபிலிம் கேமரா. ஒரு விசேஷத்துக்கு ஒரே ரோல், முப்பத்தாறு படம்தான் எடுப்பாராம்.

"ஃபோன்லயே ஆயிரம் எடுக்கலாம். இவரை ஏன் புக் பண்ணீங்க?" என்று என் மனைவி முறைத்தாள்.

அவள் அடுப்பில் பால் வைத்தாள். எலக்ட்ரிக் அடுப்பு, பால் பொங்குவேனா என்றது. சுற்றிலும் பத்து ஃபோன்கள் பாத்திரத்தையே குறிபார்த்தன. அவருடைய கேமரா மட்டும் அவள் முகத்துக்கு எதிரே காத்திருந்தது.

"பாலை எடுக்கலையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அதைத்தான் இத்தனை பேர் எடுக்கிறார்களே" என்றார், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பால் பொங்கி வழிந்தது. அவர் ஒரே ஒரு தடவை கிளிக் செய்துவிட்டுக் கேமராவை இறக்கினார்.

படம் வந்தபோது அதில் பால் இல்லை. பதினோரு வருடம் வாடகை வீடுகளில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்ட என் மனைவி, இரண்டு கைகளையும் உயர்த்தி, ஊரையே ஜெயித்தவள்போலச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு வருமென்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு நேராக ஹால் சுவருக்குப் போனாள்.