மாதா சொல்லாத ஒரு வரி

சென்ற ஆண்டின் கடைசியில் இலங்கை மலைநாட்டைப் புரட்டிப்போட்ட அந்தப் பெருமழையின் மூன்றாம் நாள், நோர்வூட்டுக்கு மேலே நாங்கள் வசிக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. மழையின் கதையைப் பலர் சொல்லிவிட்டார்கள். அதற்குள் என்னுடைய தவறும் ஒன்று இருக்கிறது. வாயால் பலரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் தோட்டத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பதினைந்துக்குள்தான் இருக்கும். மற்ற எல்லோரும் இந்துக்கள். பங்குத்தந்தை மாதத்தில் ஒரு ஞாயிறு மலையேறி வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் எங்கள் சிறிய கோயிலில் செபமாலையை முன்நின்று சொல்வது நான். பக்கத்துப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிப்பதால் தோட்டத்தில் எல்லோருக்கும் நான் 'டீச்சர்'. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை அவர்களுக்கு. உண்மையைச் சொன்னால், அந்த நம்பிக்கை எனக்கும் பிடித்திருந்தது.

மழைக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் என் வாட்ஸ்அப்புக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. எங்கோ தூர தேசத்தில் ஒரு பெண்ணுக்கு மாதா காட்சி கொடுத்து வருகிறாராம். உலகத்தின் கடைசிக் காலம் நெருங்கிவிட்டதாம். மூன்று நாள் பூமி முழுவதும் இருட்டாக இருக்குமாம். அந்த நாட்களில் பங்குத்தந்தை செபித்து மந்திரித்த மெழுகுதிரி மட்டும்தான் எரியுமாம். கதவு ஜன்னலை மூடிக்கொண்டு, வெளியே பார்க்காமல், முழந்தாளில் நின்று செபிக்க வேண்டும் என்று இருந்தது. சமையலறையில் நின்றபடியே அதை இரண்டு தடவை வாசித்தேன். உடம்பு சிலிர்த்தது. நோய், தட்டுப்பாடு, போர் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிட்டிருந்த காலம். கடைசிக் காலம் என்று யாராவது சொன்னால் நம்புவதற்கு மனது தயாராகத்தான் இருந்தது.

அந்த மாதப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்து வரும், ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், மாதா எதற்கு இங்கிலீஷில் மெசேஜ் அனுப்புகிறார் என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. பங்குத்தந்தை சிரிக்கவில்லை. லூர்து, பாத்திமா போன்ற இடங்களின் மாதா காட்சிகளைத் திருச்சபை வருடக்கணக்காக விசாரித்த பிறகே ஏற்றுக்கொண்டது என்றும், அப்படி ஏற்றுக்கொண்டதைக்கூடக் கட்டாயம் நம்பியே ஆக வேண்டும் என்று யாரையும் வற்புறுத்துவதில்லை என்றும் பொறுமையாக விளக்கினார். நான் விடவில்லை. லூர்துவில் அந்தச் சின்னப் பெண் சொன்னதையும் முதலில் அந்த ஊர்ப் பங்குத்தந்தை நம்பவில்லையே என்று கேட்டேன்.

அவர் தலையாட்டினார்.

"அது உண்மைதான் டீச்சர். ஆனா அவரு அவசரப்படல, பொறுத்திருந்து பாத்தாரு. நாமளும் பொறுத்திருப்போமே" என்றார்.

பிறகு, கோயிலுக்குள் இதை வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் வாசிக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தமிழில் எழுதி, ஹட்டன் டவுனில் கொடுத்துப் பிரதி எடுத்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சொன்ன சொல்லை மீறவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தமிழில் எழுதும்போதுதான் அது நடந்தது. மூலச் செய்தியில் கதவை மூடுங்கள் என்று மட்டும்தான் இருந்தது. அது எனக்குப் போதவில்லை. கோயில் வாசலில் சிரித்தவர்களின் முகம் கண்ணுக்குள் நின்றது. எப்போதோ ஒரு காணொளியில் யாரோ சொல்லக் கேட்டது நினைவுக்கு வந்தது. யார் சொன்னது, எங்கே சொன்னது என்று எனக்குத் தெரியாது. ஆனால் மாதாவே பேசுவதுபோல எழுதினேன்: 'உங்களுக்குத் தெரிந்தவர்களின் குரலில் பிசாசு வந்து கூப்பிடும். பெற்ற தாயே கூப்பிட்டாலும் கதவைத் திறக்காதீர்கள்.' எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது, தாள் முழுவதிலும் அந்த வரிதான் நன்றாக இருந்தது.

அதைக் கொடுத்த வீடுகளில் ஒன்று, மேல் டிவிசனில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசிக் காம்பரா. அந்த அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். கணவருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அந்த ஆட்டோக்காரத் தம்பி அவருடைய கொழுந்தன்தான். அதே லயத்தில் நாலு காம்பரா தள்ளிக் குடியிருக்கிறார். அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, இளையவளுக்கு ஏழு. அக்கா எழுத்தின் மேல் விரலை வைத்து மெதுவாகத்தான் வாசிப்பார். நான் இருக்கும்போதே முழுவதையும் வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது மாதாவே சொன்னதுங்களா டீச்சர்?"

"மாதாவே சொன்னதுதான் அக்கா" என்றேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

மழை தொடங்கிய முதல் நாளே மின்சாரம் போய்விட்டது. இரண்டாம் நாள் தொலைபேசியும் செத்தது. மூன்றாம் நாள் விடியவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மேகம் லயத்துக் கூரை வரை இறங்கிக் கிடந்தது. காலை பத்து மணிக்கு வீட்டுக்குள் விளக்கு இல்லாமல் முகம் தெரியவில்லை. எனக்கும் பயம் வந்தது. சொன்னது வந்துவிட்டதோ என்று மந்திரித்த திரி ஒன்றை ஏற்றிவைத்து உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கதவு தட்டப்பட்டது. எழுந்துபோய்த் திறந்தேன். தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா நனைந்துபோய் நின்றார். மேல் லயங்களுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, ஊற்று கலங்கி வருகிறது, எல்லோரும் உடனே பாடசாலைக்குப் போக வேண்டும் என்றார். கதவைத் திறக்கும்போது நான் எழுதிய வரி எனக்கு ஞாபகமே வரவில்லை. இதைப் பிற்பாடு நினைத்தபோதுதான் மிகவும் வெட்கமாக இருந்தது.

பாடசாலையில் குடும்பங்களை வகுப்பறை வகுப்பறையாகப் பிரித்து உட்காரவைத்துக்கொண்டிருந்தோம். மூன்று மணி இருக்கும். அந்த ஆட்டோக்காரத் தம்பி மூச்சு வாங்க ஓடி வந்தார். அண்ணி கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார், காலையில் இருந்து பிள்ளைகளோடு உள்ளே இருக்கிறார் என்றார். கூப்பிடக் கூப்பிட உள்ளே செபச் சத்தம்தான் பெரிதாகிறதாம். அவர் அதற்குமேல் எதுவும் விளக்கவில்லை. அந்தத் தாளை வாசிக்காத அவருக்குக் காரணம் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க வந்து கூப்பிட்டா தொறப்பாங்க டீச்சர். ஒங்க பேச்சத்தான் கேப்பாங்க" என்றார்.

நல்ல நாளில் பதினைந்து நிமிட ஏற்றம் அது. அன்று பாதையே ஓடையாகி இருந்தது. தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறினோம். மேலே கண்டாக்கு ஐயாவும் லயத்து ஆட்கள் மூன்று பேரும் நின்றார்கள். ஒருவர் கையில் கதவை இடிக்க இரும்பு அலவாங்கு இருந்தது. ஆனால் இடிக்கப் பயந்துகொண்டு நின்றார்கள். கதவு நிலைக்கு மேலே சுவர் கைவிரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. இடித்தால் சுவரும் கூரையும் சேர்ந்து பிள்ளைகள் மேலேயே விழும் என்றார் கண்டாக்கு ஐயா. ஜன்னல் உள்ளே பலகை வைத்து அடைக்கப்பட்டிருந்தது. பின்பக்கத்தில் இருந்து சேற்றுத் தண்ணீர் லயத்தைச் சுற்றி வந்து எங்கள் காலை நனைத்தது.

நான் கதவில் கை வைத்துக் கூப்பிட்டேன். உள்ளே 'அருள் நிறைந்த மரியே' நின்றது.

"நான்தான் அக்கா, டீச்சர் வந்திருக்கேன். மலை வெடிச்சிருக்கு. பிள்ளைகள கூட்டிக்கிட்டு வாங்க."

பிறகு அக்காவின் குரல் கேட்டது. அவர் என்னிடம் பேசவில்லை, பிள்ளைகளிடம் பேசினார்.

"டீச்சர் கொரல்லயே வருது பாத்தீங்களா. காது குடுக்காதீங்க. சொல்லுங்க, அருள் நிறைந்த மரியே..."

சின்னவள் அழுதுகொண்டே செபம் சொன்னாள். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் மறுபடி மறுபடி கூப்பிட்டேன். மூத்தவளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் வகுப்பில் அவள் எந்த வாங்கில் உட்காருவாள் என்றுகூடச் சொன்னேன். கெஞ்சக் கெஞ்ச உள்ளே இருப்பவர்களுக்கு நான் இன்னும் பெரிய பிசாசாகிக்கொண்டிருந்தேன். நான் எழுதிக் கொடுத்தது அப்படித்தானே.

அந்தத் தம்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்டாக்கு ஐயாவும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அரை நிமிடம் இருக்கும். அந்த இடத்தில், அந்த வேளையிலும், என் மரியாதையைப் பற்றி நான் யோசித்தேன். அந்த அரை நிமிடத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, தெரிஞ்ச கொரல்ல பிசாசு வரும்னு இருக்கே, அது மாதா சொன்னதில்ல. எனக்கு வந்த செய்தியில அது இல்லவே இல்ல. நானா எழுதுனது."

உள்ளே செபம் நின்றது. பிறகு கதவுக்குப் பக்கத்திலேயே அவர் குரல் வந்தது.

"ஏன் எழுதுனீங்க?"

"நீங்கெல்லாம் பயப்படணும்னு எழுதுனேன் அக்கா. நான் சொன்னதப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னு எழுதுனேன்."

கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. அக்கா சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். மூத்தவள் கையில் எரிகிற திரி இருந்தது. காற்றுப் பட்டதும் அணைந்துவிட்டது. அக்கா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். தம்பி சின்னவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை சில்லிட்டுக் கிடந்தது. கீழே இறங்கினோம்.

மலை சரிந்து இறங்கிய சத்தத்தை நாங்கள் யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஆட்கள் போய்ப் பார்த்தபோது லயத்தின் கடைசி மூன்று காம்பராக்கள் இருந்த இடத்தில் சேறும் கல்லும் வேரோடு புரண்ட மரங்களும்தான் கிடந்தன. எங்கள் தோட்டத்தில் உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.

பாடசாலையில் தங்கியிருந்த நாட்களில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. மூன்று நாள் இருட்டாக இருந்ததே, அப்படியென்றால் மாதா சொன்னது பலித்துவிட்டதே என்றார்கள் சிலர். மாதாவே டீச்சரை மேலே அனுப்பிக் காப்பாற்றினார் என்றும் சொன்னார்கள். கதவடியில் நான் சொன்னதைக் கேட்டவர்கள் வெளியே சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ. நான் பேசாமல் இருந்திருந்தால் போதும், எனக்குப் பெரிய பெயர் கிடைத்திருக்கும்.

பாதை மூடிக் கிடந்ததால் பங்குத்தந்தை ஒரு வாரம் கழித்து நடந்தேதான் வந்து சேர்ந்தார். செருப்பு அறுந்து, கால்சட்டை முழங்கால் வரை சேறாக இருந்தது. அவரிடம் தனியாக எல்லாவற்றையும் சொன்னேன். 'நான் அப்போதே சொல்லவில்லையா' என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. மன்னிப்பு ஆண்டவர் தருவார், ஆனால் அந்தத் தாளை நீங்கள்தான் திருப்பி வாங்க வேண்டும் என்றார்.

பூசை முடிவில் எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னேன். பிறகு தாளைக் கொடுத்த ஒவ்வொரு குடும்பத்தையும் தேடிப் போனேன். சிலர் பேசாமல் எடுத்துக் கொடுத்தார்கள். ஒருவர் கடுமையாக ஏசினார். ஒரு ஐயா கொடுக்கவே மாட்டேன் என்றுவிட்டார். டீச்சர் பயந்துபோய் மாற்றிப் பேசுகிறார், மாதா சொன்னது பொய்யாகாது என்றார். அவருடைய வேதாகமத்துக்குள் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. என் கையெழுத்தில்.

அந்த அக்கா என்னோடு பேச ஒரு மாதம் ஆனது. ஒருநாள் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வரும் வழியில் அவரே நின்றார். அன்றைக்கு ஏன் கதவைத் திறந்தீர்கள் என்று கேட்டேன். பிசாசு வந்து 'நான் பொய் சொன்னேன்' என்று சொல்லாது, மனுஷர்தான் சொல்வார்கள் என்று தோன்றியதாம். கோபமில்லை என்றும் சொன்னார். ஆனால் நான் முன்நின்று சொல்லும் செபமாலைக்கு அவர் இப்போது வருவதில்லை. தற்காலிக வீட்டில் பிள்ளைகளோடு தனியாகச் சொல்லிக்கொள்கிறார். அது அவர் உரிமை. நான் வற்புறுத்தவில்லை.

நான் இன்னமும் செபமாலை சொல்கிறேன், லூர்து மாதாவை இன்னமும் நம்புகிறேன். மாதா எங்கே தோன்றினார், எங்கே தோன்றவில்லை என்று யாராவது என்னிடம் கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்ல இப்போது கூச்சப்படுவதில்லை. ஆனால் அவர் வாயில் நான் வைத்த ஒரு வரியை நம்பி இரண்டு பெண் பிள்ளைகள் பிளந்த சுவருக்குள்ளே முழந்தாளில் இருந்தார்கள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும், அது தெரிந்த நாளில் இருந்து கடவுளின் பெயரைச் சொல்லி யாருக்கும் எதையும் சொல்லும் முன் என் வாய் ஒருமுறை தானாக நின்றுவிடுகிறது.