நம்மாளை டெக்சாஸுக்கு அனுப்பிய வாரம்

அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. அப்பா ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தார். அம்மா மடித்து வைத்த துணியையே மறுபடி எடுத்து உதறி மடித்தாள். சான் ஹோசேயில் ஜூலை மாதக் கடைசி, மாடி அபார்ட்மெண்ட், ஏசி கிடையாது. பத்து வயதில் கோடை விடுமுறையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நான் சோபாவில் தலைகீழாகத் தொங்கினேன், ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்தேன், திட்டு வாங்கினேன். வீட்டில் என்ன பிரச்சினை என்று யாராவது கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பேன்: எங்கள் பேஸ்பால் டீமின் கேட்சரை டெக்சாஸ்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அப்பாவின் கம்பெனி அப்பாவையும் டெக்சாஸுக்குப் போகச் சொல்லியிருந்தது. அங்கே ஒரு புது பிராஜெக்ட். வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். முடியாது என்று சொன்னால் வேலையை விட்டு எடுத்துவிடலாம். வேலை போனால் விசா போகும், பாதி வழியில் நிற்கும் கிரீன் கார்டு போகும், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஈரோட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இதெல்லாம் என் காதிலும் விழுந்தது. ஆனால் அப்பா முடியாது என்று சொல்வதாக முடிவு செய்திருந்தார். அவருக்குத் துளிகூடப் பயம் இல்லை என்பதால் எனக்கும் இல்லை.

அவருடைய தைரியமெல்லாம் இடுப்பில் மாட்டியிருந்த பேஜரில் இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. ஆபீஸில் கம்ப்யூட்டர் நின்றுபோனால் அது கீ கீ என்று கத்தும்; அப்பா போன் பண்ணிப் பேசிவிட்டு காரை எடுத்துக்கொண்டு ஓடுவார். கிறிஸ்துமஸ் அன்று கத்தியது. நியூ இயர் அன்று கத்தியது. அந்த வருஷம் ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, பார்க்கில் நாலைந்து குடும்பமாகக் கோழி சுட்டுக்கொண்டிருந்தபோது கத்தியது. எல்லாரும் பார்க்க, சுட்ட கோழியைத் தட்டிலேயே வைத்துவிட்டு அப்பா எழுந்து போன கம்பீரம் இருக்கிறதே, அதை நான் வாய் பிளந்து பார்த்தேன். ஒரு பண்டிகை, ஒரு நீண்ட வீக்கெண்ட் விட்டது கிடையாது. அம்மா ஈரோட்டுக்குப் போன் பண்ணும்போதெல்லாம், "இவரில்லாம அங்க ஒரு வேலையும் ஓடாதுங்க" என்று சொல்வாள். சலித்துக்கொள்கிற மாதிரிதான் சொல்வாள். அந்தச் சலிப்பில் எவ்வளவு பெருமை என்று மறுமுனைக்குத் தெரியாமலா இருக்கும்?

கேட்சர் கதைக்கு வருகிறேன். பேஸ்பாலில் மட்டையடிப்பவருக்குப் பின்னால், முகத்தில் கம்பி மூடியும் நெஞ்சில் கவசமுமாகக் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவர்தான் கேட்சர். அப்பா கோயம்புத்தூரில் காலேஜ் டீமுக்கு விக்கெட் கீப்பர். அமெரிக்கா வந்து பேஸ்பாலை முதலில் பார்த்தபோது அவருக்குப் புரிந்த ஒரே ஆள் இவர்தான். எங்கள் டீமின் கேட்சருக்கு வயதாகிவிட்டது. தாடி நரைத்திருந்தது. ஒவ்வொரு முறை எழும்போதும் இடது முழங்காலை ஒரு தட்டு தட்டிவிட்டு எழுவார். அப்பா அவருக்குப் பெயரே சொல்ல மாட்டார். "நம்மாளு" என்பார். நாங்களும் அப்படியே சொன்னோம்.

நாங்கள் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் மட்டும். வார நாளில் அப்பா வீடு திரும்ப எட்டு மணி ஆகிவிடும், சனிக்கிழமை லாண்டரிக்கும் கடைக்கும் கோயிலுக்கும் போய்விடும், கேபிள் கனெக்‌ஷனுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று சொல்லாமல் அதெல்லாம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று சொல்வார்கள். ஞாயிறு மதியம் மட்டும் ஆன்டெனாவில் ஆட்டம் வரும். அம்மா கோழிக் குழம்பு வைப்பாள். அம்மாவின் தம்பி, என் மாமா, ஃபிரீமாண்ட்டிலிருந்து வந்துவிடுவார். போன வருஷம்தான் அமெரிக்கா வந்தவர், கல்யாணம் ஆகாதவர், குழம்புக்காகவே பேஸ்பால் ரசிகர் ஆனவர். டிவியில் பேசுகிறவர்கள் தொணதொணக்கிறார்கள் என்று அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தானே தமிழில் வர்ணனை செய்வார். ஒவ்வொரு ஞாயிறும் நம்மாளு தவறாமல் குந்தியிருப்பார்.

அந்த ஞாயிறு அங்கே வேறு ஒருத்தன் குந்தியிருந்தான். சின்னப் பையன். தாடி இல்லை, முழங்காலைத் தட்டவும் இல்லை. அப்பா முதன்முறையாகச் சத்தத்தைக் கூட்டினார். நம்மாளை டெக்சாஸுக்கு அனுப்பி, பதிலுக்கு ஓர் இளம் பந்துவீச்சாளனை வாங்கியிருக்கிறார்கள் என்று டிவிக்காரர் சொன்னார். மேலே என்னவோ சொல்ல வந்தார். அதற்குள் அப்பா போட்ட கத்தலில் ஒன்றும் கேட்கவில்லை.

"முட்டாப் பசங்க! மெயின் ஆளைத் தூக்கிக் குடுத்துட்டு டீம் நடத்தறாங்களாமா?"

"வயசாயிருச்சில்லைங்க மச்சான்," என்றார் மாமா, கோழிக்காலை விடாமல். "பிஸினஸ்ங்க. யங் ஆளா எடுக்கறாங்க."

"என்ன மாப்ள பிஸினஸ்? மொத்த கிரவுண்டையும் பாத்து உக்கார்றவன் அவன் ஒருத்தன்தான். அவனை அனுப்பிட்டா மத்தவனுக்கு எவன் சொல்லிக் குடுப்பான்? பாத்துக்கிட்டே இரு, ஒரு மாசத்துல கால்ல விழுந்து திருப்பிக் கூப்புடுவாங்க."

அம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"ஏனுங்க, அந்தாளோட சம்சாரத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்களா? கொழந்தைக ஸ்கூல் போகுமா இல்லையா? அந்தம்மாளும் இப்பத்தான் லைசென்ஸ் வாங்கியிருப்பா. ரெண்டு ரோடு தெரிஞ்சிருக்கும்."

லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆனது அம்மாவுக்கு. என் ஸ்கூலுக்கும் இந்தியன் கடைக்கும் அவளே காரோட்டிப் போய்விடுவாள், வண்டிகள் பறக்கும் ஃபிரீவே மட்டும் ஏற மாட்டாள். இந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது அந்த இரண்டு ரோடுதான்.

"அவன் போகாம இருக்கலாமில்ல?" என்றாள் அம்மா.

"அவனுக்கு வழியில்ல. எனக்கு இருக்குது," என்றார் அப்பா. "நான் முடியாதுன்னா இவங்க என்ன பண்ணுவாங்க? அடுத்த கிறிஸ்துமஸுக்கு யாரைக் கூப்புடுவாங்க?"

மாமா எலும்பைக் கடிப்பதில் இறங்கினார். நான் கேட்சரைப் பற்றிய பேச்சு எப்போது கிறிஸ்துமஸுக்குத் தாவியது என்று யோசிக்கவில்லை. குழம்பு ஆறிவிட்டது. அன்றைக்கு எங்கள் டீம் ஜெயித்தது வேறு அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

திங்களும் செவ்வாயும் அப்பா நடந்தார். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. செவ்வாய் மாலை திடீரென்று, "நாளைக்கு மேட்ச்சுக்குப் போலாமா கண்ணு?" என்றார். புதன் பகலில் ஆட்டம். அப்பா வேலை நாளில் லீவு எடுத்து நான் பார்த்ததே இல்லை. காய்ச்சல் வந்தாலும் போகிறவர். பேஜரைக் காட்டி அவரே விளக்கினார். "அரை நாள் இல்லாமப் போறேன். என்ன ஆகுதுன்னு பாரு. நீயே எண்ணிக்க, எத்தனை தடவை இது கத்துதுன்னு."

நம்மாளு இல்லாமல் எங்கள் டீம் தவிக்கப் போகிறது, அப்பா இல்லாமல் ஆபீஸ் தவிக்கப் போகிறது, இரண்டையும் ஒரே மதியத்தில் பார்த்துவிடலாம் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மைதானத்தில் பாதி காலி. மேலே வெயிலில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்வரிசையில் தொப்பி போட்ட ஒரு தடித்த மனிதரும், சூரியகாந்தி விதையை மென்று மென்று தோலைத் துப்பிக்கொண்டிருந்த ஒரு கிழவியும் வாக்குவாதத்தில் இருந்தார்கள். இருவரும் எல்லா ஆட்டத்துக்கும் வருகிற பழைய சீசன் டிக்கெட்காரர்கள் என்பது அவர்கள் சண்டை போட்ட சொகுசிலேயே தெரிந்தது. கேட்சரைப் பற்றித்தான் சண்டை. அவர்கள் இங்கிலீஷில் பேசியதை என் தமிழில் சொல்கிறேன். நல்ல வியாபாரம், முப்பத்தேழு வயது ஆளுக்கு ஒரு இளைஞன் கிடைத்தான் என்றார் தொப்பிக்காரர். பந்து வீசுகிற பையன்களுக்கு அவன்மேல் எவ்வளவு பிரியம் தெரியுமா, உனக்கு எங்கே தெரியும் என்றாள் கிழவி.

அப்பா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். தெரியாத வெள்ளைக்காரர்களிடம் வழி கேட்கக்கூடத் தயங்குகிறவர், எழுந்து முன்னால் குனிந்துவிட்டார். "எக்ஸ்க்யூஸ் மீ மேடம்," என்று தொடங்கினார். டீமின் மெயின் கேட்சரைப் போய் எப்படி அனுப்பலாம், இவர்களுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அந்தச் சீட்டுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் ஒன்றிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

"மெயின் கேட்சரா?" என்றாள் கிழவி. "இல்லையே தம்பி. அதோ இருக்கிறானே, அவன்தான் மெயின். வாரம் பூரா குந்திக் குந்தி முட்டி போய்விடும் என்று ஞாயிறு ஒரு நாள் அவனுக்கு ஓய்வு கொடுப்பார்கள். அன்றைக்குப் போடத்தான் அந்தப் பெரியவன்."

"ஒவ்வொரு ஞாயிறும் அவர்தானே இருந்தார்?" என்றார் அப்பா.

"அதைத்தான் நானும் சொல்கிறேன்," என்றாள் அவள். கனிவாகத்தான் சொன்னாள்.

கிரிக்கெட்டில் கீப்பருக்கு ஓய்வு நாள் என்று ஒன்றை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. கீப்பர் என்றால் கீப்பர்தான், டிக்ளேர் ஆகும்வரை.

"நல்ல மனுஷன்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை," என்றார் தொப்பிக்காரர். "இருந்தால் நல்லது. போனால் தெரியாது. அவ்வளவுதான்."

அப்பா உட்கார்ந்துவிட்டார். கீழே மெயின் கேட்சர், ஞாயிறன்று பார்த்த பையன் இல்லை, நான் அதுவரை கண்ணாலும் கண்டிராதவன், ஒரு கையால் பந்தைப் பிடித்து மறு கையால் வீசி எவனையோ அவுட் ஆக்கினான். கூட்டம் எழுந்து கத்தியது. நானும் கத்தினேன், என்னை மறந்துதான். அப்பா பேஜரை இடுப்பிலிருந்து கழற்றிக் கையில் வைத்திருந்தார். பொத்தானை அமுக்கினார். சின்னத் திரை எரிந்து அணைந்தது. பேட்டரி மூடியைத் திறந்து மூடினார். வேர்க்கடலைப் பொட்டலத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அமுக்கினார். நான் எண்ணுவதற்குத் தயாராக விரலை நீட்டியபடி இருந்தேன். ஆட்டம் முடியும்வரை ஒரு விரலைக்கூட மடக்க வாய்ப்பு வரவில்லை.

திரும்பும் வழியில் ஃபிரீவேயை விட்டு இறங்கி, பெட்ரோல் போடும் ஒரு கேஸ் ஸ்டேஷனில் காரை நிறுத்தினார். வெளியே இருந்த போனில் காசு போட்டுப் பேசினார். நான் கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரமே பேசி முடித்துவிட்டார். ரிசீவரை வைத்த பிறகும் அங்கேயே நின்றார். பின்னால் ஒருவர் போனுக்காகக் காத்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

"என்னாச்சு டாடி, ஆபீஸ்ல ப்ராப்ளமா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு," என்றார். "எல்லாம் நல்லாத்தான் ஓடுது."

நல்ல செய்தியைச் சொல்லும்போது ஏன் குரல் அப்படி இருந்தது என்று எனக்குப் புரியவில்லை. வீடு வரும்வரை கால் ஆடவில்லை, ஸ்டியரிங்கில் விரல் தாளம் போடவில்லை. அந்த வாரத்தில் அவர் அசையாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு கார்ப் பயணத்தில்தான்.

அன்று மாலை அப்பாவும் அம்மாவும் பால்கனியில் நின்று பேசினார்கள். கதவு சாத்தியிருந்தது. ஒருமுறை அம்மா சத்தமாக, "நீங்கதானுங்க சொன்னீங்க, விட மாட்டாங்கன்னு!" என்றது கேட்டது. அதற்கு அப்பா சொன்ன பதில் கேட்கவில்லை. பிறகு அம்மா அழுதாள். அது மட்டும் கேட்டது.

வெள்ளிக்கிழமை அப்பா ஆபீஸில் சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. நம்மாளு டெக்சாஸுக்குப் போய்விட்டார், அதனால் நாங்களும் போகிறோம். மாடிப்படியில் விளையாடும் பிள்ளைகள் எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன். ஒரு கேட்சருக்காக ஊரையே மாற்றுகிற அப்பா வேறு யாருக்கு இருக்கிறார் என்று கேட்டேன்.

டெக்சாஸ், ஃபிரிட்ஜைத் திறந்தால் மூடத் தோன்றாத அளவுக்குக் கொதித்தது. அம்மா மறுபடி முதலிலிருந்து இரண்டு ரோடு கற்றுக்கொண்டாள். அங்கே இந்தியன் கடைக்கே ஃபிரீவே ஏறித்தான் போக வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். செப்டம்பரில் ஒரு ஞாயிறு அப்பா எங்களை ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போனார். நம்மாளு புது நிறச் சட்டையில் வந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக் குந்தினார். யாரும் கைதட்டவில்லை. அப்பா எழுந்து நின்று தட்டினார். பின்னால் இருந்தவர் உட்காரச் சொல்லியும் தட்டினார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

நவம்பர் கடைசியில், ஊரே விடுமுறையில் இருக்கும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வந்தது. டெக்சாஸ் ஆபீஸும் அப்பாவுக்கு ஒரு பேஜர் கொடுத்திருந்தது. மாமா ஃபிரீமாண்ட்டிலிருந்து வந்திருந்தார். இலை போடாத குறையாக அம்மா எல்லாம் சமைத்துப் பரப்பியிருந்தாள். அப்பா சோற்றில் கை வைத்த நேரத்தில், டிவி மேல் வைத்திருந்த பேஜர் கீ கீ என்று கத்தியது.

முன்பெல்லாம் அது கத்தினால் அம்மா நிமிர்ந்து எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்ப்பாள். அன்றைக்குப் பார்க்கவில்லை. "சாப்புட்டுட்டுப் போங்க," என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. மாமா தண்ணீர் குடிக்க ஆரம்பித்து, குடித்துக்கொண்டே இருந்தார். பேஜர் நின்று, மறுபடி கத்தியது. அப்பா எழுந்து கை கழுவினார். கார் சாவியைத் தேடினார். எழும்போது ஒரு கையால் முழங்காலைத் தட்டினாரோ என்று இப்போது தோன்றுகிறது. அது நானாகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

நான்தான் ஓடிப்போய் சாவியை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலில் நின்று கார் திரும்பும்வரை கையாட்டினேன். வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த ஊரிலும் அப்பா இல்லாமல் ஒரு வேலையும் ஓடவில்லை. திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போனதும் புது டீச்சரிடம் அதைத்தான் முதலில் சொன்னேன்.