போன் அடித்தால் அணையும் விளக்கு

எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது அது. வீட்டுக்குப் பிராட்பேண்ட் வந்த புதிது. லைன்மேன் வந்து மோடத்தை வைத்து, சுவரிலிருந்து வரும் டெலிபோன் கம்பியில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை மாட்டி, அதன் ஒரு பக்கம் போனையும் மறுபக்கம் மோடத்தையும் இணைத்துவிட்டுப் போனார். அவர் தெரு முனையைத் தாண்டியிருக்க மாட்டார், நான் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டேன். நடுவில் எதுவும் இல்லாமல் நேராக வந்தால் வேகம் கூடும் என்பது என் கண்டுபிடிப்பு. வேகம் கூடவில்லை. போனில் கரகரவென்று சத்தம் மட்டும் கூடியது. அம்மா புலம்பினாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் நண்பன் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தன் சிபியுவை ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கு நடுவே வைத்து ஓட்டிக்கொண்டு வருவான். இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரு கேபிளால் கோத்து, கோட்டை கட்டி, மரம் வெட்டி, படை திரட்டி அடித்துக்கொள்வோம். பிறகு அவன் அப்பா கோவிலம்பாக்கத்தில் வீடு கட்டி எல்லோரையும் அழைத்துப் போய்விட்டார். அப்படி ஒன்றும் தூரமில்லை. ஆனால் இருவருமே வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தோம், அவனுக்கு ஷிப்ட் வேறு. இரண்டு மாதத்தில் ஒரே ஒரு முறை வந்தான். "அங்க பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லடா" என்றான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு பயம். பள்ளிக்கூடத்தில் உயிருக்குயிராகப் பழகியவர்கள் பிறகு கல்யாணப் பத்திரிகை கொடுக்க மட்டும் வருவதைப் பார்த்திருக்கிறேன். நாங்களும் அப்படி ஆகிவிடக்கூடாது என்றுதான் இன்டர்நெட் வழியாக ஆடலாம் என்று கிளம்பினேன்.

ஆட்டத்தை என் கம்ப்யூட்டரில் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் என் இணைப்புக்கு என்ன எண் கிடைத்திருக்கிறதோ, நாலு துண்டாக, நடுவில் மூன்று புள்ளியோடு, அதை மற்றவர்கள் அடித்து உள்ளே வரவேண்டும். குரோம்பேட்டையில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த இன்னொரு நண்பனுக்குச் சாட்டில் எண்ணை அனுப்பினேன். ஒரே தடவையில் வந்துவிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோவிலம்பாக்கத்தானுக்குச் சாட் எல்லாம் சரிப்படாது. எதுவானாலும் போன்தான். அன்று மத்தியானம் நான் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். போன் வந்தது. படித்தேன். எழுதிக்கொண்டு, போனை வைத்துவிட்டு அடித்தான். உள்ளே வர முடியவில்லை. பார்த்தால் எண் மாறியிருந்தது. அது அடிக்கடி மாறும் என்று கேள்விப்பட்டிருந்ததால், புது எண்ணை எழுதிக்கொண்டேன். மறுபடி போன், மறுபடி படித்தேன், அதுவும் இல்லை. இப்படி ஏழெட்டு முறை. குரோம்பேட்டைக்காரன் வேறு அறுந்து அறுந்து வந்துகொண்டிருந்தான். என் பொறுமை போய்விட்டது.

"நான் சொன்னத ஒழுங்கா அடிச்சியா?"

"நீ சொன்னதத்தான்டா அடிச்சேன்."

"புள்ளிய எங்கயாவது முழுங்கியிருப்ப. பத்தாங்கிளாஸ் கணக்குலயே புள்ளிய விட்டுட்டு ஃபெயிலானவன்தானே நீ!"

"சரி மச்சான், நீங்களே ஆடுங்க" என்று வைத்துவிட்டான். அந்தப் பரீட்சைக்குப் பிறகு அவன் ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அந்த வாரம் முழுக்க அவன் போன் செய்யவில்லை. வீம்புக்கு நானும் செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு குரோம்பேட்டைக்காரனோடு ஆடிக்கொண்டிருந்தேன். சுவாரசியமே இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. அவன்தான் என்று பாய்ந்து எடுத்தேன். பெரியம்மா. ஆட்டமும் அறுந்துபோயிருந்தது.

"போன் அடிச்சா அந்தப் பச்சை லைட்டு அணையுதே, அது அப்படித்தானா?" என்றாள் அம்மா, மோடத்தைப் பார்த்தபடி. "போன வாரம் அவன் பண்ணப்பல்லாம் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது."

போனும் இன்டர்நெட்டும் ஒன்றையொன்று இடிக்காமல் பிரித்து வைக்கத்தான் லைன்மேன் அந்தப் பெட்டியை மாட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. மணி அடித்ததும் இணைப்பு அறுந்திருக்கிறது. திரும்ப வரும்போது வேறு எண்ணோடு வந்திருக்கிறது. அவன் போன் செய்த அந்த நொடியிலேயே என் கையிலிருந்த எண் செத்துப்போயிருக்கிறது. செத்த எண்ணைப் படித்துக் காட்டிவிட்டு அவனைத் திட்டியிருக்கிறேன்.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"நீதான் அந்தப் புள்ளையத் திட்டிக்கிட்டே இருந்தியே, எங்க வாயத் திறக்க?"

அந்த வெள்ளைப் பெட்டி, பழைய சாவிகள் கிடந்த பிஸ்கட் டப்பாவில் இருந்தது. அம்மாதான் எடுத்து வைத்திருக்கிறாள். மாட்டினேன். போனில் கரகரப்பு நின்றது. அவன் போன் நம்பரைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். போனில் சொல்லித் தீர்க்கிற காரியமாகத் தோன்றவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மேடவாக்கம் வழியாகக் கோவிலம்பாக்கம் போனேன்.

லுங்கியோடு வந்து கதவைத் திறந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைக் கழற்றியது, லைட்டு, அம்மா சொன்னது. கடைசியாக, "கணக்கப் பத்தி நான் சொன்னது தப்புடா" என்றேன். அவன் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத சொல்ல இவ்ளோ தூரம் வந்தியா?"

"ஆமா."

"இப்ப நீ இங்க நின்னா ஆட்டத்த யாரு தொடங்கறது? கிளம்பு. அரைமணி கழிச்சு போன் பண்றேன்."

வந்த வழியே திரும்பினேன். வெயில் தாழ்ந்திருந்தது, ஏரிக்கரைக் காற்று சுகமாக இருந்தது. வீட்டுக்கு வந்து எண்ணை எழுதி வைத்தேன். போன் அடித்தது. நானும் அம்மாவும் மோடத்தையே பார்த்தோம். பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. எண்ணை மெதுவாக, ஒவ்வொரு புள்ளியையும் சொல்லிப் படித்தேன். எழுதிக்கொண்டு வைத்துவிட்டான்.

சில நொடிகளில் திரையில் அவன் பெயர் வந்தது. அதன் கீழே, ஆங்கில எழுத்தில் தமிழாக, ஒரு வரி.

"புள்ளி எல்லாம் சரியா வெச்சிருக்கேனா சார்?"

சிரித்தேன், கண்ணும் கலங்கியது. நான் பதில் அடிப்பதற்குள் அவன் மரம் வெட்ட ஆரம்பித்துவிட்டான்.