ஆகவே என்று எழுதுவதற்கு முன்

மகன், மகள், உங்கள் கட்டுரைக் கொப்பிகளைப் பார்த்தேன். கடைசிப் பந்தியில் இரண்டு பேரும் "ஆகவே" என்று தொடங்கி, மேலே சொல்லாத ஒன்றை எழுதி வைத்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் வாப்பா நான் வேலை செய்த இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் மருதமுனையில் ஒரு கைத்தறிப் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். ஒரு நாள் கொழும்புக் கடையொன்று இடுப்பில் கட்டும் சாரன்கள் நாலைந்தைத் திருப்பி அனுப்பியது. வாங்கியவர்கள் கழுவியதும் சாயம் இறங்கி, வெள்ளைக் கரை ரோசா நிறமாகிவிட்டதாம்.

சாரன் மெரூன் நிறம். அந்த நூலுக்குச் சாயம் போட்டவர் பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வரும் தங்கராசா அண்ணன். கரையோரம் ஓடும் மெல்லிய சிவப்புக் கோடு மட்டும் வெளியில் வாங்கிய நூல். அவருடைய தமிழ் ஊருக்கும் நமது முஸ்லிம் ஊருக்கும் இடையே சந்தேகம் கூடியிருந்த காலம் அது. அவர் வேண்டுமென்றே செய்திருப்பார் என்றுகூடத் தறியில் சிலர் கதைத்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது.

முதலாளி ஹாஜியார் என்னைக் கூப்பிட்டுக் கடைக்குப் பதில் எழுதச் சொன்னார்.

"சாயக்காரர்ர பிழை, ஆள நிப்பாட்டிட்டம் எண்டு முடிச்சிரு தம்பி. மேல என்னத்தையும் எழுது. அவங்க கடைசி வரியத்தான் பாப்பாங்க."

எனக்குப் பயம் வந்தது அதனால்தான். அந்த ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு இருந்தது. ஸ்டோரில் அதே மெரூன் நூல் மிச்சம் கிடந்தது. அதை வெள்ளைத் துணியோடு சேர்த்துக் கட்டி, சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. ஹாஜியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அப்ப சிவப்புத்தான். அத எழுது."

"சிவப்பு நூல் மிச்சமில்ல ஹாஜியார். திரும்பி வந்த சாரன்ல இருக்கிறது கழுவின நூல். பாக்காம எப்பிடி எழுதுற?"

"அப்ப மறுகா என்னத்தத்தான் எழுதப் போறாய்?"

"மெரூன்ல சாயம் இறங்கல்ல. காரணம் இன்னும் தெரியா. நமக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

அவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியாததுக்கும் நான்தான் கையெழுத்து வெக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே, நான் எழுதிய பதிலில் கையெழுத்து வைத்தார். கடைக்கு வேறு சாரன்கள் போயின. தங்கராசா அண்ணனை நிறுத்தவில்லை. பதிலில் என்ன எழுதினேன் என்று அவரிடம் சொன்னேன்.

"நான் இல்ல எண்டு தெரிஞ்சாப் போதும்" என்றார். பிறகு சாய அடுப்பை மூட்டப் போனார்.

மேலே உள்ள வரிகள் எவ்வளவு சொல்கின்றனவோ, அவ்வளவுதான் உங்கள் "ஆகவே"யும் சொல்லலாம். அது சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்த கிழமை புதிய சிவப்பு நூல் வந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு இனிப் பார்க்க வேண்டி வந்தால் மிச்சம் இருக்கட்டும் என்று அதில் ஒரு முழம் வெட்டி, திகதி எழுதிய கடதாசித் துண்டைக் கட்டி, என் மேசைக்கு மேல் ஆணியில் தொங்கவிட்டேன்.